விக்கெட் கட்டத்துல சைபர்னா அவன் பவுலரே இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை நடந்த நம்ம 20 ஓவர் கிரிக்கெட் ஃபைனல் பார்த்தவங்களுக்கு நான் எதைப் பத்தி எழுதறேன்னு தெரியும். பெஸ்ட் பவுலர் யாருங்கிற சண்டை குரூப்ல இன்னும் ஓயலை. நம்ம டீம்ல 4 ஓவர்ல 43 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தவருக்கு 'பெஸ்ட் பவுலர்' கோப்பை. அதே டீம்ல 4 ஓவர்ல 16 ரன் மட்டும் கொடுத்த தம்பி பேரை மேடையில ஒருத்தரும் சொல்லலை. ஸ்கோர் ஷீட்ல விக்கெட் கட்டத்துல சைபர், அவ்வளவுதான் காரணம்.

கோப்பை வாங்கினவர் மேல எனக்குத் துளி வருத்தம் இல்லை. கணக்குப் பார்த்த விதம்தான் தப்பு.

நாம முதல்ல 148 அடிச்சோம். அவங்க 16 ஓவர்ல 4 விக்கெட்டுக்கு 108. 24 பந்துல 41 வேணும், கையில 6 விக்கெட், செட் ஆன பேட்ஸ்மேன் ஒருத்தர் நிக்கிறார். எல்லாரும் பயந்த நேரம் அது. 17-வது ஓவர் தம்பி போட்டான், 4 ரன். 18-வது வேற ஒருத்தர், 9 ரன், ஒரு விக்கெட். 19-வது மறுபடியும் தம்பி.

அந்த ஓவரைப் பந்து பந்தா சொல்றேன். ஃப்ளட்லைட்ல பனி இறங்கி பந்து சோப்பு மாதிரி ஆகியிருந்துச்சு. தையல் பிடிபடாது, அதனால தையலுக்குக் குறுக்கா பிடிச்சான். முதல் பந்து பேட்ஸ்மேன் காலடியில விழற யார்க்கர், டாட், அதாவது ரன் இல்லை. ரெண்டாவது வேகம் குறைச்ச ஸ்லோயர், ஒரு ரன். மூணாவது ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வைட் கோட்டை ஒட்டி யார்க்கர், பேட் எட்டலை. நாலாவது ஈரத்துல நழுவி தரையில படாத ஃபுல்டாஸ் ஆயிடுச்சு, லாங் ஆன்ல கைக்குள்ள வந்த கேட்சை நம்ம ஆளே விட்டார், ஒரு ரன். அஞ்சாவது பந்துல ரன் வறண்டுபோன பதட்டத்துல ரெண்டாவது ரன்னுக்கு ஓடி ரன் அவுட். கடைசிப் பந்து சிங்கிள். மொத்தம் 4 ரன். விட்ட கேட்சும் ரன் அவுட்டும் அவன் கணக்குல ஏறாது. ஆனா ரெண்டும் வந்தது அவன் போட்ட பந்துல.

20-வது ஓவர்ல 24 வேணும். அப்புறம் அவங்க பேட்ஸ்மேன் எல்லாரும் கண்ணை மூடிட்டுச் சுத்தினாங்க. அந்த ஓவரைப் போட்டது கோப்பை வாங்கினவர், 12 ரன், 3 விக்கெட். நாம 11 ரன்ல ஜெயிச்சோம். அந்த 3 விக்கெட்டுக்குத்தான் கோப்பை. 24 வேணும்ங்கிற நிலைமையை உண்டாக்கினது யாரு?

ஸ்கோர் ஷீட் கையில இருந்தா யாரும் போடக்கூடிய கணக்கு இது. ரெண்டு டீம் ரன்னையும் கூட்டுங்க, 285. 40 ஓவரால வகுத்தா ஓவருக்கு 7 ரன் சொச்சம். 4 ஓவருக்குச் சராசரியா 28-29 ரன் போகணும். தம்பி 12 ரன் மிச்சம் பிடிச்சிருக்கான். ஜெயிச்சதே 11 ரன்ல! கோப்பை வாங்கினவர் 14 ரன் கூடக் கொடுத்திருக்கார். இதுலயும் தம்பி போட்டது 2, 4, 17, 19-வது ஓவர்கள். ரெண்டு பவர்பிளே, அதாவது முதல் 6 ஓவருக்குள்ள, வட்டத்துக்கு வெளியே 2 ஃபீல்டர்தான். ரெண்டு டெத், அதாவது அடிச்சு ஆடற கடைசி ஓவர்கள். நடு ஓவர்ல 5 பேரை எல்லைக்கோட்டுல நிறுத்திட்டு 6 ரன் கொடுக்கறதும் இதுவும் ஒண்ணாகுமா?

"விக்கெட் விழுந்தாத்தானே ரன் குறையும்"னு ஒருத்தர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. 3-வது ஓவர்ல ஓப்பனரைத் தூக்கினா அடுத்த 17 ஓவருக்கும் பலன் இருக்கு. கடைசி ஓவர்ல 9-வது ஆளைத் தூக்கினா 2 பந்துக்குத்தான் பலன். அதனால விக்கெட்டை எண்ணாதீங்க, யாரை, எப்போ எடுத்தாங்கன்னு பாருங்க.

எகானமியை, அதாவது ஓவருக்குக் கொடுத்த சராசரி ரன்னை மட்டும் பார்க்கணும்னும் சொல்லலை. 2024 ஏப்ரல் 15, நம்ம பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம், ஐபிஎல் மேட்ச். ஹைதராபாத் 287, ஆர்சிபி 262. ஹைதராபாத்தோட கம்மின்ஸ் 4 ஓவர்ல 43 ரன், 3 விக்கெட். எகானமி 10.75, தனியாப் பார்த்தா மோசம். ஓவருக்கு 13.7 ரன் ஓடின மேட்ச்சுல அது அருமையான ஸ்பெல். அங்கயும் 43, இங்கயும் 43. மேட்ச் வேற, மதிப்பும் வேற.

ஐபிஎல்ல பர்ப்பிள் கேப் தொப்பியை அதிக விக்கெட்டுக்குத்தானே தர்றாங்கன்னு இன்னொருத்தர். ஆமா. 2024-ல ஹர்ஷல் படேல் 24 விக்கெட், எகானமி 9.73. பும்ரா 20 விக்கெட், 6.48. தொப்பி ஹர்ஷலுக்கு. ஆனா அதே வருஷ டி20 உலகக் கோப்பையில அர்ஷ்தீப்பும் ஃபரூக்கியும் ஆளுக்கு 17 விக்கெட், பும்ரா 15. தொடர் நாயகன் யாரு? ஓவருக்கு 4.17 ரன் மட்டும் கொடுத்த பும்ரா. ஃபைனல்ல 18-வது ஓவர்ல அவர் கொடுத்தது 2 ரன். அதை மட்டும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வெச்சுக் கொண்டாடறோம். நம்ம பையன் அதையே செஞ்சா கண்ணுக்குத் தெரியறதில்லை.

"அவன் உங்க ஊர்க்காரன், அதான் பேசறீங்க"ன்னு எழுதினவருக்குப் பதில் சொல்ல இஷ்டமில்லை.

"சண்டே விளையாட்டு, இதுக்கு இவ்வளவா"ன்னும் கேக்கறாங்க. 50 அடிச்சவனை தோள்ல தூக்கிட்டு வர்றப்போ இந்தக் கேள்வி வரலையே? இந்த ஊர்ல வாரம் பூரா வேலை, டிராஃபிக்னு அலைஞ்சுட்டு, விடியக்காலையில பேட்டிங் கிரீஸ் கோட்டுல குறிக்கு ஷூவை வெச்சு, பந்தைத் தண்ணியில நனைச்சு யார்க்கர் போட்டுப் பழகறவனுக்கு நாம என்ன சொல்லித் தர்றோம்? அடுத்த சீசன் அவனும் கடைசி ஓவரைக் கேட்டு வாங்கி, தூக்கிப் போட்டு, கேட்ச் வருமான்னு பார்த்துட்டு நிப்பான். 19-வது ஓவரை யாரு போடப் போறாங்க?

கொடுத்த கோப்பையைத் திருப்பி வாங்கச் சொல்லலை. அடுத்த சீசன்ல இருந்து பெஸ்ட் பவுலர் முடிவு பண்றவங்க எந்த ஓவர், எவ்வளவு ரன், யாரோட விக்கெட்னு மூணையும் பார்க்கணும்னு கமிட்டி அண்ணன்மார்கிட்ட கேக்கறேன். ஸ்கோர் ஷீட் போட்டோ முதல் கமெண்ட்ல இருக்கு. 17-வது, 19-வது ஓவரைப் பார்த்துட்டு அப்புறம் எழுதுங்க.