நடுவில் பயிற்சியாளரை மாற்றிக் கோப்பை வென்ற அணி உண்டு

இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளரை மாற்றலாமா என்ற பேச்சில் தூத்தூர் அண்ணன் ஒருவர், "தொடர் நடக்கும்போது பயிற்சியாளரை மாற்றிய எந்த நாடும் கோப்பை வென்றதில்லை" என்று எழுதியிருக்கிறார். சின்னத்துறை, வள்ளவிளை பையன்கள் பலர் அதை அப்படியே பகிர்வதால் சொல்கிறேன்: அண்ணன், இது சரியில்லை.

ஆப்பிரிக்கக் கோப்பையில் ஐவரி கோஸ்ட் அதைச் செய்து காட்டியது. சொந்த மண்ணில், குழுச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் எக்குவடோரியல் கினியாவிடம் 0-4 என்று தோற்றார்கள். மூன்றாம் இடம்தான். சிறந்த மூன்றாமிட அணிகளில் ஒன்றாக அடுத்த சுற்றுக்குத் தப்பிப் பிழைத்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று தலைமைப் பயிற்சியாளர் ஜான் லூயி காசே நீக்கப்பட்டார். உதவியாளராக இருந்த எமெர்ஸ் ஃபாயே பொறுப்பேற்றார். அப்புறம் நடப்புச் சாம்பியன் செனகலைப் பெனால்டியில் வென்று, மாலி, காங்கோ ஜனநாயகக் குடியரசு அணிகளையும் தாண்டி, பிப்ரவரி 11 இறுதிப் போட்டியில் நைஜீரியாவை 2-1 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தார்கள். அந்த ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தளத்தில் 2023 தொடரைத் தேடுங்கள். ஆட்டங்கள் 2024-இல் நடந்தாலும் தொடரின் பெயர் 2023தான். குழுச் சுற்று ஆட்டங்களிலும் இறுதிப் போட்டியிலும் பயிற்சியாளர் பெயரை ஒப்பிட்டால் போதும்.

இந்தியா மாற்ற வேண்டுமா என்பது வேறு விவாதம்; அதில் உங்கள் கருத்து உங்களுக்கு. இந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள், அண்ணன்.