நோய் மரத்தை வெட்டு என்கிற சட்டமும் அதன் கணக்கும்

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னையில் வேர் வாடல் நோய் பரவியதிலிருந்து ஒரே வாக்குவாதம். நோய் வந்த மரத்தை வெட்டுங்கள் என்கிறது அறிவியல் தரப்பு. இன்னும் காய்க்கிற மரத்தை எப்படி வெட்டுவது என்கிறார் தோப்புக்காரர். அவருக்கு விவரம் போதவில்லை, விழிப்புணர்வு முகாம் நடத்தினால் சரியாகிவிடும் என்று சிலர் பதிவு போடுகிறார்கள். விவசாயிக்கு விளங்கவில்லை என்று கோப்பில் எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போகும் இந்தப் பழக்கம் நூறு வயதைத் தாண்டியது. பிரிட்டிஷ் ஆட்சி தன் காலனிகளில் பயிர்ப் பூச்சி, பயிர் நோய்ச் சட்டங்களை வரிசையாகப் போட்ட காலத்தில் இருந்தே அது இருக்கிறது.

அந்தச் சட்டங்களை அறிவியலுக்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூச்சியியலாளர்களும் பூசணவியலாளர்களும் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. கோட்டை விட்டது கணக்கில். காய்க்கிற செடியை அழித்தால் நட்டம் யாருக்கு, பலன் யாருக்கு, இரண்டுக்கும் நடுவே எத்தனை மாதம்? இதைப் பார்க்காமல் போட்ட உத்தரவுகள் வயலில் தோற்றன.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முன்கதை இலங்கைக் காப்பி. 1869-இல் மடுல்சீமைப் பக்கம் காப்பி இலையின் அடியில் ஆரஞ்சுத் தூள் தெரிந்தது. இலைத்துரு நோய். 1880-இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை அனுப்பினார்கள். காற்றில் வரும் பூசண வித்து ஈரமான இலையில் முளைத்து, அடிப்பக்கத் துளை வழியே உள்ளே நுழைகிறது, நுழைந்த பிறகு மருந்தடித்துப் பயனில்லை, மருந்து முன்னாலேயே இலையில் இருக்க வேண்டும் என்று அவர் தெளிவாகக் காட்டினார். ஆனால் அப்படி ஒட்டி நிற்கும் மருந்தான போர்டோ கலவை பிரான்சில் வெளிவந்தது 1885-இல். அதற்குள் தோட்டங்கள் தேயிலைக்கு மாறத் தொடங்கிவிட்டன. காப்பிப் பருவத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர்கள், ஆண்டு முழுக்கக் கொழுந்தெடுக்கும் வேலையோடு மலையிலேயே தங்கிப்போனார்கள். ஒரு பூசணம் செய்த வேலை இது.

இதிலிருந்து ஆட்சியாளர்கள் எடுத்துக்கொண்ட பாடம், துறைமுகத்திலேயே தடுத்துவிடு என்பது. இந்தியாவில் அது 1914-ஆம் ஆண்டின் அழிவு செய்யும் பூச்சிகள் சட்டமாக வந்தது. சின்னஞ்சிறு சட்டம். எந்தப் பொருள் வரலாம், எது கூடாது என்று அரசு அறிவிக்கை போடும். சுங்க அதிகாரி அதைச் சுங்கச் சட்டத்தின் தடைபோலவே நடத்துவார். அமெரிக்கப் பருத்திப் பொதியை பம்பாய் துறைமுகம் வழியாக மட்டும் விட்டு, அங்கே பருத்திக் காயை நாசம் செய்த காய்க்கூன்வண்டு வராமலிருக்க ஹைட்ரோசயனிக் அமில வாயுவில் புகையூட்டினார்கள். அந்த வண்டு இன்றுவரை இந்தியாவுக்குள் காலூன்றவில்லை. சட்டமும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணையே அதன் கீழ்தான் வந்தது.

துறைமுகச் சட்டம் எளிது. நட்டம் இறக்குமதியாளருக்கு, அதுவும் புகையூட்டும் கட்டணம் அளவுக்கு. உள்ளே வந்துவிட்ட நோய்க்கு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

அதற்கு மதராஸ் மாகாணம் 1919-இல் வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் போட்டது. நடைமுறை இப்படி: இன்ன பூச்சி, இன்ன பகுதி, இன்ன காலம் வரை என்று அரசிதழில் அறிவிக்கை வரும். என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். நிலத்தை அனுபவிப்பவர் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஆய்வாளர் நோட்டீஸ் கொடுப்பார். அதற்கும் அசையாவிட்டால் ஆள் வைத்து அவரே செய்துவிட்டு, செலவை நிலவரிப் பாக்கி போல வசூலிப்பார்கள். பூச்சியும் உங்கள் வயலில், கூலியும் உங்கள் தலையில்.

ஆனாலும் இந்தச் சட்டம் ஓரளவு வேலை செய்த இடம் ஒன்று உண்டு. கோயம்புத்தூர் வட்டாரத்தின் கம்போடியா பருத்தி. இறவையில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, கோடைக்குள் முக்கிய எடுப்பு முடிந்துவிடும். கோடை மழை விழுந்தால் பழைய செடி மறுபடி துளிர்த்து இன்னொரு எடுப்பு கொடுக்கும். விலை நன்றாக இருந்தால் யார் பிடுங்குவார்கள்? அந்த மறுதுளிர்தான் தண்டுக் கூன்வண்டுக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கும் பாலம். கூன்வண்டு தரைமட்டத் தண்டில் முட்டையிடும். புழு உள்ளே சுற்றிச் சுற்றித் தின்னும். அந்த இடம் புடைத்து, காற்றடித்தால் செடி ஒடியும். காய்ப்புழு கடைசிக் காய்களில் புகுந்து, இரண்டு விதைகளை ஒட்டவைத்துக்கொண்டு உள்ளே உறங்கும். புது விதைப்புக்கு முன்னால் வயலில் பருத்தியே இல்லாத சில வாரங்கள் இருந்தால் இரண்டுக்கும் சங்கிலி அறும். ஆகவே ஆகஸ்ட் பிறப்பதற்குள் பழைய செடியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று உத்தரவு.

இதில் தப்பு நடக்கும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. பிடுங்காமல் அறுத்துவிட்டால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். பிடுங்கிய பருத்திமாரை அடுப்புக்கென்று வரப்போரம் அடுக்கிவைத்தால், அதில் தொங்கும் காயில் இருக்கும் புழு அங்கேயே வளர்ந்து பறந்துபோகும். பருத்திக் குடும்பத்துக் களைகளிலும் கூன்வண்டு ஒதுங்கும். எல்லாவற்றையும்விட, ஊரில் நாலு பேர் பிடுங்காமல் விட்டால் மற்றவர்கள் பிடுங்கியது வீண்.

இருந்தும் இது ஏன் ஓரளவு ஒத்துவந்தது? விட்டுக்கொடுக்க வேண்டியது ஒரு மட்டமான கடைசி எடுப்பை மட்டும். அதன் பலன் அதே ஆளுக்கு, அதே வயலில், சில மாதங்களிலேயே வந்தது. தேதி எல்லோருக்கும் ஒன்று. பெரிய பண்ணைக்கு ஒரு தேதி, சிறு குடியானவனுக்கு ஒரு தேதி என்று இல்லை. நட்டமும் லாபமும் ஒரே பையில் இருந்தால் ஆய்வாளருக்கு வேலை குறைவு.

இதற்கு நேர்மாறு கோல்டு கோஸ்ட், இன்றைய கானா. உலகிலேயே அதிகக் கோகோ விளைந்த நாடு அது. அத்தனையும் ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளின் தோப்புகள், வெள்ளைக்காரர் எஸ்டேட்டுகள் அல்ல. 1936-இல் கிழக்கு மாகாணத்தில் ஒரு புது நோய் பதிவானது. குருத்து வீங்கும், இளம் இலையில் நரம்பு சிவக்கும், காய் சிறுத்து உருண்டையாகும், இரண்டு மூன்று ஆண்டில் மரம் சாகும். தண்டுவீக்க நோய் என்று பெயர். 1940-இல் போஸ்னெட் என்ற ஆய்வாளர் இது வைரஸ் என்று காட்டினார். பரப்புவது மாவுப்பூச்சி. அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், மேலே கூடு கட்டி மறைக்கும், அதனால் மருந்தடித்தாலும் முழுதாகப் படாது. கிளையோடு கிளை உரசும் தோப்பில் பூச்சி நடந்தே அடுத்த மரத்துக்குப் போகும். குஞ்சுப் பூச்சி காற்றில் மிதந்து தொலைவிலும் இறங்கும். கோகோ தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம், ஆனால் வைரஸ் உள்ளூர்க்காரன்: இலவ மரம் போன்ற காட்டு மரங்களில் ஏற்கெனவே இருந்தது.

மருந்து கிடையாது. வெட்டுவது ஒன்றே வழி. அந்த முடிவில் தவறில்லை, இன்றும் அதே வழிதான். வெட்டும் முறையிலும் நுணுக்கம் உண்டு. அறிகுறி தெரியும் மரத்தை மட்டும் வெட்டினால் போதாது. தொற்றி அறிகுறி தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்பதால், பார்க்க நன்றாக இருக்கும் பக்கத்து மரங்களில் பாதி ஏற்கெனவே நோயோடு இருக்கலாம். வெட்டிய இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். பின்னாளில் இதற்கு ஓர் அளவு வைத்தார்கள்: பத்துக்கும் குறைவான மரங்களில் நோய் என்றால் சுற்றி 5 மீட்டர், நூறு வரை 10 மீட்டர், அதற்கு மேல் 15 மீட்டர் வரை நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டு. அடிக்கட்டையில் துளிர் வந்தால் அதுவும் வைரஸ் கிடங்கு. அதையும் அழிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946 முதல், இதைக் கட்டாயமாக்கினார்கள். அரசு ஆட்கள் தோப்புக்குள் வந்து குறிவைத்து வெட்டினார்கள். நேரம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். போர்க்காலம் முழுக்கக் கோகோவுக்கு விலையில்லை. இப்போதுதான் விலை ஏறுகிறது. நோய் வந்த மரமும் இன்னும் ஓரிரண்டு வருடம் காய்க்கும். அந்தக் காய்தான் நல்ல விலைக்குப் போகும் காய். வெட்டினால் புதுக் கன்று நட்டு அது காய்க்கப் பல வருடம். தோப்பை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர் ஏராளம். மரம் போனாலும் கடன் போகாது. 'அபுசா' முறையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டவருக்கு மரம் போனால் பிழைப்பே போச்சு. இதற்கெல்லாம் ஈடாகத் தந்த தொகை நட்டத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது ஒன்று. பணம் இல்லாமல் இல்லை. 1947-இல் அமைத்த கோகோ விற்பனை வாரியம் உலகச் சந்தை விலைக்கும் விவசாயிக்குக் கொடுத்த விலைக்கும் இடையே பெரிய தொகையை எடுத்து வைத்திருந்தது. அது லண்டனில் ஸ்டெர்லிங்காக, அதாவது பிரிட்டிஷ் பவுண்டாகக் கிடந்தது. விவசாயியின் சொந்தப் பணம்! அதிலிருந்து தாராளமாகக் கொடுத்திருக்கலாம். கொடுக்காமல் அரிவாளை அனுப்பினார்கள். நம் கோகோவை ஒழித்துவிட்டு வேறு காலனிக்குச் சாகுபடியைக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள் என்று வதந்தி பரவியது. வதந்தி பொய். ஆனால் இவ்வளவையும் பார்த்தவருக்கு அதை நம்பாமல் இருக்கக் காரணம் என்ன இருந்தது?

1948 பிப்ரவரி 28-ஆம் தேதி அக்ராவில் ஊர்வலம் போன முன்னாள் படைவீரர்கள் மீது போலீஸ் சுட்டது. கலவரம் வெடித்தது. விசாரித்த வாட்சன் ஆணையம் சொன்ன காரணங்களில் கோகோ மர வெட்டும் ஒன்று. 1951-இல் பொறுப்புக்கு வந்த, விடுதலை இயக்கத் தலைவர் என்குருமாவின் அரசு கட்டாயத்தைக் கைவிட்டு, தொகையைக் கூட்டி, சம்மதத்தோடு வெட்டும் வழிக்கு மாறியது. அதற்குள் கைநழுவிய காலத்தில் நோய் பரவிக்கொண்டே இருந்தது. பல கோடி மரங்களை வெட்டிய பிறகும் கானாவில் அந்த நோய் இருக்கிறது.

இலை சிறுத்து உச்சியில் கொத்தாக நிற்கும் வைரஸ் நோயான வாழை முடிக்கொத்து நோயைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1913-இல் ஃபிஜியிலிருந்து வந்த பக்கக்கன்றுகளோடு ஆஸ்திரேலியாவில் இறங்கி, பத்தே ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து எல்லையோர வாழையை அழித்தது. கறுப்பு அசுவினி பரப்புகிறது என்று 1920-களில் மகீ என்ற ஆய்வாளர் கண்டுபிடித்ததும் சட்டம் வந்தது: தோட்டம் பதிவு, ஆய்வு, அனுமதித்த இடத்துக் கன்று மட்டும். நோய்ச் செடியைக் கண்டதும் முதலில் குருத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி அசுவினியைக் கொல்ல வேண்டும். அதன் பிறகே கிழங்கோடு, எல்லாக் கன்றுகளோடும் தோண்டி நறுக்க வேண்டும். வரிசை மாறினால் தோண்டும்போதே அசுவினி பக்கத்துச் செடிக்குப் போய்விடும். அங்கே தொழில் மீண்டது, ஏனென்றால் விவசாயிகளே ஒத்துழைத்தார்கள். நிலம் ஏற்கெனவே பாழ், இழக்க ஒன்றுமில்லை, ஓட்டும் அவர்கள் கையில் இருந்தது. அதே நோய் 1940 வாக்கில் இலங்கை வழியாகத் திருவிதாங்கூருக்கு வந்து, பிறகு சிறுமலை, கீழ்ப்பழனி மலை வாழையைச் சூறையாடியது. 1914 சட்டம் அப்போதும் இருந்தது.

இனி தென்னைக்கு வருவோம். வேர் வாடலுக்குக் காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்ற, செல்சுவர் இல்லாத நுண்ணுயிர். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புகின்றன. மருந்தில்லை. கோகோ நோயைவிட ஒரு விதத்தில் இது மோசம்: மரம் சீக்கிரம் சாவதில்லை. கீற்று உள்ளே வளைந்து துவண்டு, மஞ்சளித்து, ஓரம் கருகினாலும் வருடக்கணக்கில் ஏதோ காய்த்துக்கொண்டே இருக்கும். நோய் கடுமையான பகுதியில் ஆண்டுக்கு 10 காய்க்கும் கீழே போன மரத்தை எடுத்துவிட்டு, மற்றதை உரம், தொழு எரு, பசுந்தாள் கொடுத்துக் காப்பாற்றுங்கள் என்பது பரிந்துரை. புதிதாகப் பரவும் எல்லையில் மட்டும் ஒரு மரம் விடாமல் வெட்ட வேண்டும்.

அந்த எல்லையில்தான் பணத்தைக் கொட்ட வேண்டும். அங்கே வெட்டப்படுவது 80, 100 காய் காய்க்கும் மரம். அதன் பலன் வெட்டியவருக்கு இல்லை, இருபது மைல் தள்ளி இருக்கும் தோப்புக்காரருக்கு. வெட்டுக்கூலி, கன்று விலை என்று மட்டும் கொடுத்தால் அது கோல்டு கோஸ்ட் கணக்கு. நெட்டை ரகக் கன்று காய்க்க ஆறேழு வருடம். அந்த ஆறேழு வருடக் காய் வருமானத்தை மரத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். பாதியை வெட்டிய அன்றே, மீதியைக் கட்டை அகற்றி மறுநடவு செய்த பிறகு ஆண்டுதோறும். குத்தகைக்காரர் பெயரில் ஒரு பங்கு தனியாகப் போக வேண்டும். மாவட்டம் முழுக்க ஒரே தொகை என்று தட்டையாக வைத்தால், ஏற்கெனவே காய்ப்பு விழுந்துபோன உட்பகுதித் தோப்புக்காரர் மகிழ்ச்சியோடு வெட்டுவார். வெட்டவே வேண்டிய எல்லைத் தோப்புக்காரர் மரத்தை வைத்துக்கொள்வார்.