யாளியை நான் தடுக்கவில்லை

ஆளாளுக்கு இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடியில் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தும் விளையாட்டு) ஆடும்போது நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆட்டத்தை நடத்துகிறவன் நான். ஒரு தம்பி நம் கோயில் தூண் யாளியைத் தன் பாத்திரத்தின் இனமாக எழுதிக்கொண்டு வந்தான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மீதிப் பேர் தம்பியின் பதிவைப் படித்திருப்பீர்கள். "எல்ஃப்புக்கு ஆரத்தி, யாளிக்குக் கதவடைப்பு" என்று எழுதியிருந்தான் (எல்ஃப் வெள்ளைக்காரக் கதைகளில் வரும், கூர்மையான காது கொண்ட இனம்). நல்ல வரிதான், எழுத்துத் திறமையை நான் குறை சொல்லவில்லை. அதற்குக் கீழே என்னை வெள்ளைக்கார அடிமை என்று திட்டியவர்களில் மூன்று பேர் எங்கள் வீட்டுச் சுண்டல் தின்றவர்கள். சரி, இருக்கட்டும்.

நான் யாளியைத் தடுக்கவில்லை. அந்த நாலு பக்கத்தைத்தான் தடுத்தேன்.

அவன் யாளிக்கு நீல மையில் எழுதிக்கொண்டு வந்த நாலு பக்கம். பிறந்ததிலிருந்தே பறக்கும். இருட்டில் 120 அடி தெரியும். விஷம் ஏறாது, நெருப்பு சுடாது. கர்ஜித்தால் 30 அடிக்குள் இருக்கிற எல்லோரும் ஒரு சுற்று உறைந்து நிற்க வேண்டும். இவ்வளவும் முதல் லெவலில், ஆட்டம் தொடங்கும்போதே! இரண்டு வாரம் உட்கார்ந்து நான் தயார் செய்த குழி, உடைந்த பாலம், கோட்டைச் சுவர் எல்லாம் பறக்கிறவனுக்கு எதற்கு? மற்ற நாலு பேர் கயிறு கட்டி இறங்கும்போது இவன் மேலே வட்டமடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பானா? யாளிக்குச் சிறகு எங்கிருந்துடா வந்தது என்று கேட்டேன். "கஸ்டம்ணே" என்றான்.

நான் சொல்வது ஒன்றுதான். ரேஸ், அதாவது பாத்திரத்தின் இனம் என்பது மேசையைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். "ஒரு ட்வார்ஃப் உள்ளே வர்றான்" என்று டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) சொன்னால் குட்டை உருவம், தாடி, கோடாலி, பழைய பகை எல்லாம் ஐந்து பேர் மண்டைக்குள்ளும் வந்துவிடும். விளக்க வேண்டியதில்லை, ஆட்டம் ஓடும். சொந்தமாகக் கட்டிய ரேஸ் கட்டியவன் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "இல்லண்ணே, எங்க ஆளுகளுக்கு அது நடக்காது" என்பான். உன் ஆளுகளை இதுவரை யாருமே பார்த்ததில்லையே, தம்பி.

2014-இல் டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு வந்தபோது அடிப்படை விதிகளை இலவச பிடிஎஃப்பாக விட்டார்கள். மனிதன், எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங் (குள்ள மனிதர்) என்று நாலே ரேஸ். அரசரடிப் பக்கம் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டேன். கடை அக்கா "எந்தப் பரிட்சைக்குத் தம்பி?" என்று கேட்டார். எனக்கும் அந்த நாலு போதவில்லைதான். வேறு வழியில்லாமல் ட்வார்ஃப் எடுத்தேன். அதில் ஸ்டோன்கன்னிங் என்று ஒரு திறமை உண்டு. கல்வேலையைப் பார்த்தாலே அதன் பூர்வீகம் தெரியும். எங்கள் தாத்தா மேலூர்ப் பக்கம் கல் உடைத்தவர். கல்லைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கேட்டே "உள்ள கீறல் இருக்குடா" என்பார். ட்வார்ஃபுக்கு விஷத்தைத் தாங்கும் உடம்பு என்று போட்டிருந்தது. தாத்தா நாற்பது வருஷம் வெறும் வயிற்றில் பீடி குடித்தவர். மூன்றாவது வாரமே என் ட்வார்ஃப் தாத்தாவாகிவிட்டான். குகைச் சுவர் வந்தால் மற்றவர்களே "தாத்தா, தட்டிப் பாருங்க" என்பார்கள். அன்றைக்கு நானாக ஒரு ரேஸைக் கட்டியிருந்தால் தாத்தா வந்திருப்பாரா? நானும் சிறகுதான் வைத்திருப்பேன்.

"விளையாட்டுதானே, இதுக்குப் போயா?" என்கிறவர்களுக்கு: ஆமாம், விளையாட்டுதான். அதனால்தான் விதி.

அடுத்தது புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிறவர்கள். 2020 நவம்பரில் வந்த டாஷாவின் புத்தகத்திலேயே (டி அண்ட் டியின் கூடுதல் விதிப் புத்தகம்) கஸ்டம் லீனியேஜ், அதாவது சொந்தமாக இனம் கட்டும் விதி, இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, என் அலமாரியிலும் இருக்கிறது. திறந்து பாருங்கள். பலம், புத்தி மாதிரி ஏதாவது ஒரு குணத்துக்கு +2, ஒரு ஃபீட் (சிறப்புத் திறன்), இருட்டுப் பார்வை அல்லது ஒரு ஸ்கில், ஒரு மொழி. அவ்வளவுதான், அரைப் பக்கம் கூட வராது. அதை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் அந்த நிமிஷமே ஒத்துக்கொண்டிருப்பேன். ரேஸுக்குரிய +2-ஐ வேறு குணத்துக்கு இடம் மாற்றிக்கொள்வதையும் நான் என்றைக்கும் மறுத்ததில்லை. 1981-இல் வந்த டி அண்ட் டி பேசிக் பெட்டியில் எல்ஃப் என்பதே ஒரு கிளாஸ், அதாவது தொழில். எல்ஃப்பாகப் பிறந்தால் வேறு தொழிலே கிடையாது. அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை நான்.

அப்புறம், நம் மண்ணின் யாளியை நான் மதிக்கவில்லை என்கிற விவகாரம். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தை நான் பார்த்ததில்லையா? பெயர் ஆயிரம், எண்ணினால் 985 என்பதை அந்தத் தம்பிக்குச் சொன்னதே நான்தான். தூணுக்குத் தூண் யாளி வேறு. ஆனால் எதன் முன்னால் நிறுத்தினாலும் சின்னப் பிள்ளைகூட யாளி என்று சொல்லிவிடும். சிங்க உடம்பு, துதிக்கை, பிதுங்கிய கண். அந்தச் சிற்பிக்குக் கற்பனை இல்லாமலா அளவோடு நிறுத்தினார்? "யாளியே நாலு மிருகத்தை ஒட்டிய கஸ்டம்தானே" என்று ஒருவர் கேட்டிருந்தார். கெட்டிக்காரத்தனமான கேள்வி, இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஊரே ஒத்துக்கொண்ட ஒட்டு என்பதுதான் இப்போதைக்கு என் பதில். நம் ராட்சசனைப் புலித்தலை வைத்து, உள்ளங்கையைத் திருப்பிப் போட்டு, எழுபதுகளிலிருந்து டி அண்ட் டியின் மான்ஸ்டர் லிஸ்டில் அடைத்து வைத்திருப்பது எனக்கும் எரிச்சல்தான். அதற்கு நான் என்ன செய்ய? நானா வரைந்தேன்?

உண்மையில் நீங்கள் கோபப்பட வேண்டியது 2024-இல் வந்த புது டி அண்ட் டி விதிப் புத்தகத்தின் மேல். ரேஸ் என்ற சொல்லை ஸ்பீஷீஸ் என்று மாற்றினார்கள், சரி, அதில் நியாயம் இருக்கிறது. ஹாஃப் எல்ஃப்பை (பாதி மனிதன், பாதி எல்ஃப்) தூக்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நிற்கிறவனுக்கு இருந்தது அந்த ஒரு இடம். ட்வார்ஃபின் வேகத்தையும் 25 அடியிலிருந்து 30 ஆக்கிவிட்டார்கள். தாத்தா நடக்கிற வேகம் யாருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. யாராவது பதிவு போட்டீர்களா?

நான் சொன்ன விதம் தப்பு என்றால், ஆமாம். "பேசாம டிராகன்பார்ன் எடுத்து யாளின்னு பேரு வச்சுக்க" (டிராகன்பார்ன் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிற டிராகன் வம்சம்) என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான், தம்பி முகம் சுண்டிப் போனது. அதை நான் பார்த்தேன், பார்த்தும் "சரி, அடுத்த ஆளு" என்றேன். ஆனால் பிளஸ் டூ படிக்கும்போது வந்து, எது டி8 (எட்டு முகப் பகடை), எது டி10 (பத்து முகப் பகடை) என்று தெரியாமல் உருட்டிக்கொண்டிருந்த பையன் அவன். பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டியவன் நான். ஒரு ஃபோன் போட்டுத் திட்டியிருக்கலாம். ஊருக்கே சொல்லித்தான் ஆக வேண்டுமா?

கிளம்புகிற அவசரத்தில் அவனுடைய பச்சை டி20 பகடை தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உருண்டு போயிருந்தது. மறுநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் பார்த்தேன். கழுவித் துடைத்து சுண்டல் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது அவனிடம் சொல்லுங்கள். ஞாயிறு மூன்று மணி. ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். கர்ஜனையைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சிறகு கிடையாது.