ராட்டை எங்கே போச்சு?

ஆகஸ்ட்டில் ஜன்னல் கம்பியில் கட்டின தேசியக் கொடியைப் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதுதான் கழற்றினேன். பழைய வண்ணாரப்பேட்டையில் லாரி ஓடும் தெருவில் வீடு, வெள்ளைப் பட்டை சாம்பல் நிறமாகியிருந்தது. அது என் சோம்பேறித்தனம், சரி. ஆனால் கையில் வைத்துப் பார்த்தால் சக்கரம் நடுவில் இல்லை, ஒரு விரற்கடை ஓரமாக ஒதுங்கி, முட்டை மாதிரி நீண்டிருக்கிறது. ஆரங்களை எண்ணினேன், 24 வரவே இல்லை, பாதி இடத்தில் மை ஒன்றோடொன்று ஈஷிக்கொண்டிருந்தது. துணி பாலியஸ்டர்.

காவி தியாகம், பச்சை செழிப்பு என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அதில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை, ஏனென்றால் அந்த அர்த்தங்கள் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. 1921ல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) பிங்கலி வெங்கையா வரைந்து காந்தியிடம் காட்டிய கொடியில் சிவப்பும் பச்சையும்தான், இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. மற்றவர்களுக்காக வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. 1931ல் காங்கிரஸ் சிவப்பைக் காவியாக்கி, நிறங்களுக்கு மத அர்த்தமே கிடையாது என்றது. 1947ல் ராதாகிருஷ்ணன் (கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரம் போவதற்கு முன்னால், நம்ம பாரிமுனைப் பக்கம் இருந்தபோது அங்கே படித்தவர்) பச்சைக்கு மண்ணோடும் செடிகொடியோடும் நமக்குள்ள உறவு என்று வேறொரு விளக்கம் சொன்னார்.

எனக்குப் பிடித்தது, சக்கரத்துக்கு முன்னால் காங்கிரஸ் கொடியின் நடுவில் இருந்த ராட்டையின் கதை. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் கொடித் தீர்மானத்தைக் கொண்டுவந்த நேரு, ராட்டையை ஏன் எடுத்தோம் என்பதற்கு ரொம்ப நடைமுறையான காரணம் ஒன்று சொன்னார்: ராட்டையை ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர் (நூல் சுற்றும் கம்பி) என்று வரைந்தால், கொடியைப் பின்னாலிருந்து பார்க்கும்போது இரண்டும் இடம் மாறித் தெரியும். அதனால் கதிரும் நூலும் போய்ச் சக்கரம் மட்டும் நின்றது, அசோகரின் சாரநாத் தூணில் இருக்கும் வடிவத்தில். படத்திலிருந்துதான் ராட்டை போனது, துணியில் இருந்தது. கையால் நூற்று, கையால் நெய்த பருத்தி, கம்பளி, பட்டு இவற்றில்தான் கொடி செய்யவேண்டும் என்று விதி இருந்ததே, அதுதான் மிச்சமிருந்த ராட்டை.

2021 டிசம்பரில் விதியைத் திருத்தி, இயந்திரத்தில் நெய்ததும் பாலியஸ்டரும் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள்.

இதைச் சொன்னால் ராயபுரத்து நண்பன் சண்டைக்கு வருகிறான். "கதர்க்கொடி என்ன விலைன்னு தெரியுமாடா, எல்லா வீட்லயும் பறக்கணும்னா இதான் வழி." நியாயம்தான், நானே மலிவாக இருக்கிறதென்று தெருமுனையில் வாங்கினவன். ஆனால் எல்லா வீட்டிலும் பறக்கவேண்டுமென்றால், அத்தனை வீட்டுக்கும் நெய்துதர எத்தனை தறிக்கு வேலை கிடைத்திருக்கும்? மலிவாக வேண்டுமென்று நெசவாளியை விட்டுவிட்டோம்.

நேரம் கிடைத்தால் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். 1947 ஆகஸ்ட் 15 காலையில் கோட்டையில் ஏற்றிய கொடி அங்கே இருக்கிறது, பட்டு, கிட்டத்தட்ட 12 அடிக்கு 8 அடி. அதே கோட்டைக் கொடிமரத்தில் 1932 ஜனவரி 26 அன்று, வெள்ளைக்காரன் காவல் இருக்கும்போதே ஆர்யா என்கிற விடுதலைப் போராட்டக்காரர் பாஷ்யம் ஏறி மூவர்ணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

அப்புறம் என் கொடி. கந்தலான கொடியைத் தனியிடத்தில், முடிந்தால் எரித்து, மரியாதையாக அப்புறப்படுத்தவேண்டும் என்கிறது கொடி விதி. பாலியஸ்டர் எரிந்தா போகும், உருகி ஒழுகிக் கருகல் நாற்றம் அடிக்கும். மனசு வரவில்லை. துவைத்து மடித்து பீரோவில் அம்மாவின் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன்.