அரை இஞ்ச் என்று எவன் சொன்னான்?

ஒரு ரேடியேட்டரை இரண்டரை அடி இடப்பக்கம் நகர்த்த 380 பவுண்டு. கம்பளத்தைச் சுருட்டுவது, தரைப் பலகையைக் கழற்றுவது, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டுவது, பழைய இடத்தில் சுவரைப் பூசிப் பெயின்ட் அடிப்பது எல்லாம் என் தலையில். இதைச் சொல்வதற்கு முன் பிளம்பர் பல்லிடுக்கில் காற்றை ஒரு இழு இழுத்தார் பாருங்கள், அதற்கே இருபது பவுண்டு சேர்த்திருப்பார். இவர் மூன்றாவது ஆள். முதல் ஆள் வருகிறேன் என்று சொல்லி வரவே இல்லை. இரண்டாவது ஆள் வந்தார், பார்த்தார், விலை எழுதி அனுப்புகிறேன் என்றார். அது போன நவம்பர்.

லண்டனில் ஹாரோ பக்கம், 1930-களில் கட்டிய வீடு எங்களுடையது. ஊரில் ரேடியேட்டர் என்றால் வண்டியின் பானெட்டுக்குள் இருப்பது. இங்கே அது ஒவ்வோர் அறைச் சுவரிலும் தொங்கும் இரும்புப் பலகை. பாய்லரில் சூடான தண்ணீர் ஒரு குழாயில் ஏறி உள்ளே வந்து, இன்னொரு குழாயில் இறங்கித் திரும்பிப் போகும். ஜனவரியில் அது இல்லாமல் ஒரு ராத்திரி தாங்க முடியாது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் முன்னறையின் கிழக்குச் சுவரில் நட்டநடுவில் அதை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான் ஒரு புண்ணியவான். அந்தக் காலத்தில் ஜன்னலுக்குக் கீழேதான் வைப்பார்கள். ஒற்றைக் கண்ணாடியில் பட்டுக் கீழே இறங்கும் குளிர்காற்றை அங்கேயே மறிப்பதற்காக. இவன் அதையும் செய்யவில்லை.

கிழக்குப் பார்த்துக் கும்பிட வேறு சுவர் கிடையாது. அதனால் பூஜை அலமாரி ரேடியேட்டருக்கு மேலேயே ஏறியது. காலையில் வைத்த செவ்வந்தி பத்து மணிக்குள் சருகு. நாகர்கோவிலிலிருந்து வந்திறங்கிய என் மாமியார் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விளக்கேற்றிவிட்டு மெதுவாக, "மாப்பிள்ளை, சாமிய அடுப்புக்கு மேல ஏத்தி வச்ச மாதிரில்லா இருக்கு?" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது சனியன்.

380 பவுண்டு கொடுக்க மனசு வரவில்லை. இங்கே பாய்லரின் கேஸில் கை வைக்கத்தான் கேஸ் சேஃப் பதிவு வேண்டும். ரேடியேட்டர் குழாயில் எந்த மடையனும் கை வைக்கலாம். நான் வைத்தேன்.

தண்ணீரை வடிப்பதில் பெரிய வித்தை இல்லை. ரேடியேட்டரின் ஒரு முனையில் நாம் திருகும் வால்வு, மறுமுனையில் மூடி போட்ட லாக்ஷீல்ட் வால்வு. அந்த லாக்ஷீல்டை மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். திரும்ப அதே அளவு திறந்தால்தான் மற்ற அறைகளுக்கும் சூடு ஒழுங்காகப் பிரியும். எனக்கு ஒன்றே கால் சுற்று. (குறித்துவைத்த தாள் எங்கே போனது என்பது தனிக் குமுறல்.) குழாயையே வெட்டப்போவதால் வீட்டு ஹீட்டிங்கில் இருக்கும் தண்ணீர் மொத்தமும் இறங்கியாக வேண்டும். வடிகால் திருகில் ஹோஸை மாட்டி வாசலுக்கு விட்டேன். வந்தது தண்ணீரா? முதல் டிகாக்ஷன். உள்ளே இரும்பு அரித்து அரித்து நைசான கறுப்புச் சேறாகிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரேடியேட்டரைத் தூக்கிய நொடியில் அதில் ஒரு கரண்டி அளவு கம்பளத்தில் விழுந்தது. கம்பளம் சந்தன நிறம். அந்தக் கறை இன்னும் இருக்கிறது, அதன் மேல் ஒரு மணைப்பலகை இருக்கிறது, வேறெதுவும் கேட்காதீர்கள்.

சரி, இதெல்லாம் போகட்டும். எனக்கு வயிறு எரிவது இந்த அரை இஞ்ச் விஷயத்தில்தான்.

தரைப் பலகையைப் பெயர்த்தால் கீழே இரண்டடி வெற்றிடம். வெளிச்சுவரில் காற்றுக்கென்று விட்ட ஓட்டைகள் வழியே குளிர் முகத்தில் அறைகிறது. குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டுக் குழாயை அளந்தேன். 15 மில்லிமீட்டர். இன்றைக்கு இங்கே ரேடியேட்டருக்கு வரும் செம்புக் குழாய் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர்தான். அப்பாடா என்று கடைக்குப் போய்ப் பற்றவைக்கும் 15 மில்லிமீட்டர் கப்ளிங் (இரண்டு குழாயைச் சேர்க்கும் துண்டு) நான்கு வாங்கி வந்தேன். ஏறவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன், கம்பி நார் போட்டுத் தேய்த்தேன், அறுபது வருஷத்துப் பெயின்டைச் சுரண்டினேன். ம்ஹூம்.

காரணம் கேளுங்கள். 1970-களின் தொடக்கத்தில் இந்த நாடு குழாயை மெட்ரிக் அளவுக்கு மாற்றியது. என் வீட்டுக் குழாய் அதற்கு முந்தையது, பெயர் "அரை இஞ்ச்". அந்த அரை இஞ்ச் உள்துளையின் அளவு. வெளி விட்டம் 15.1 மில்லிமீட்டர் சொச்சம். புதிய குழாய்க்கு 15 என்பது வெளி விட்டம். ஆக பழசுக்கு உள்ளே அளந்து பெயர் வைத்தார்கள், புதுசுக்கு வெளியே அளந்து பெயர் வைத்தார்கள், இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் ஒரு தாளின் கனம். அந்தத் தாள் கனத்துக்கு நான் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தரையில் கிடந்தேன்.

நட்டு போட்டு இறுக்கும் கம்ப்ரெஷன் கப்ளிங் என்றால் இதில் பொருந்திவிடும். உள்ளே இருக்கும் பித்தளை வளையம் நசுங்கிப் பிடித்துக்கொள்ளும், ஒரு தாள் கனத்தை அது மன்னித்துவிடும். இதை யாராவது டப்பாவில் அச்சடித்திருக்கலாம் அல்லவா? இந்த உபகாரமும் அரை இஞ்சுக்கு மட்டும்தான். முக்கால் இஞ்ச் பழைய குழாயில் 22 மில்லிமீட்டர் கப்ளிங்கை அப்படியே மாட்டினால் ஒழுகும், அதற்குத் தனி வளையமோ அடாப்டரோ வேண்டும்.

இத்தோடு முடிந்ததா? ரேடியேட்டரில் வால்வு ஏறும் மரையும் "அரை இஞ்ச்" தான். அந்த மரையின் வெளி விட்டத்தை அளந்து பாருங்கள்: 21 மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்றால் 12.7 என்று பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிப் படித்தவன் நான். ஒரு காலத்து இரும்புக் குழாயின் உள்துளையை வைத்து வந்த பெயர். குழாய் மாறிப் போயிற்று, பெயர் மட்டும் பேயாக நிற்கிறது. மரையின் வடிவம் 1841-ல் விட்வொர்த் என்ற இங்கிலாந்து எஞ்சினியர் வகுத்த 55 டிகிரி மரை. நம் ஊர் அரை இஞ்ச் தண்ணீர்க் குழாயின் மரையும் இதே பரம்பரைதான். நாகர்கோவிலில் குழாய் மாட்டும் பையன் இதைப் பற்றி ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டான். அவனுக்கு ஒரே அரை இஞ்ச். எனக்கு ஒரே அறையில் இரண்டு அரை இஞ்ச், இரண்டும் இரண்டு அளவு, ஒன்றின் வெளிப்புறமும் அரை இஞ்ச் கிடையாது.

அப்புறம் வால்வு. இதில் பாதித் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். பழைய வால்வை வைத்து அளந்து, தரையில் குழாய் ஏறும் துளைகளைப் போட்டுவிட்டேன். போட்டு முடித்துத் திருகினால் அந்த வால்வு கழுத்தில் கசிகிறது. புதிதாக தெர்மோஸ்டாட் வால்வு வாங்கினேன். அது பழையதைவிட ஒன்பது மில்லிமீட்டர் நீளம்! ஒரே வேலையைச் செய்யும் வால்வு, ஒரே மரை, ஒரே குழாய், உடம்பு மட்டும் ஒவ்வொருவனும் அவனவன் இஷ்டத்துக்குச் செய்வானாம். துளை ஓரிடம், வால்வின் வாய் ஓரிடம். செம்புக் குழாயைச் சாய்த்து நட்டுக்குள் செருகினால் வளையம் கோணலாக உட்காரும், கோணலாக உட்கார்ந்தால் ஒழுகும். வேறு அளவு பார்க்கலாம் என்று கடைக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, மணி நாலு அடித்து ஐந்து நிமிஷம். இங்கே பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், அது சட்டம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அன்றைக்கு ராத்திரி வீடு முழுக்கக் குளிர். மாமியார் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

திங்களன்று லீவு போட்டுத் துளையை நீளவாக்கில் அறுத்து, குழாயை நேராக்கி, மாட்டி, நீர் நிரப்பினேன். பாய்லரின் கீழே இருக்கும் இணைப்பைத் திறந்து, தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் முள் 1.2 பாருக்கு வந்ததும் மூடினேன். ஒவ்வொரு ரேடியேட்டராகப் போய்ச் சாவி போட்டுக் காற்றை விட்டேன். மறுநாள் காலையில் முள் 0.9. ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டாய்லெட் பேப்பர் சுற்றி வைத்தேன், எது நனைகிறது என்று பார்க்க. எதுவும் நனையவில்லை. ஆனால் முள் இறங்குகிறது. மூன்றாம் நாள் டார்ச்சோடு மறுபடி தரைக்குள் தலையை விட்டால், பழைய குழாயும் புதுக் குழாயும் சேரும் இடத்தில் ஒரே ஒரு சொட்டு. உருண்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்குகிறது. ஸ்பேனரில் கால் சுற்று. நின்றது. அந்தக் கால் சுற்றுக்குத்தான் பிளம்பர் 380 கேட்டார் போலிருக்கிறது. அந்தப் பலகையை மட்டும் ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ போட்டு வைத்திருக்கிறேன், எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை.

தண்ணீரை வடித்தபோது துருத் தடுப்பு மருந்தும் சேர்ந்து வடிந்துவிட்டது, அதைத் திரும்ப ஊற்ற வேண்டும் என்பது எனக்கு அடுத்த வாரம்தான் உறைத்தது. ஒரு லிட்டர் பாட்டில், அதற்கொரு விலை. இதுவரை வாங்கிய சாமான், தேவையில்லாமல் வாங்கிய சாமான், ஒரு நாள் லீவு எல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். நான் கூட்டிப் பார்த்துவிட்டேன்.

ரேடியேட்டர் இப்போது இரண்டரை அடி தள்ளி, கதவுப் பக்கம் இருக்கிறது. கதவை முழுக்கத் திறந்தால் கைப்பிடி வால்வின் தலையில் இடிக்கிறது. நேற்றுக் காலையில் மாமியார் அலமாரிக்கு முன்னால் தீப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். விளக்கிலிருந்த தேங்காய் எண்ணெய் வெள்ளை வெளேரென்று கட்டியாகியிருந்தது, திரி அதில் புதைந்து நிற்கிறது.

"மாப்பிள்ளை, இந்தப் பக்கம் சூடே வரலியே," என்றார். "எண்ணெய் உறைஞ்சுல்லா போச்சு."