செட்டிநாட்டை வரைய வீடு மட்டும் போதுமா?

செட்டிநாட்டு ஓவியம் என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். வேலைப்பாடுள்ள ஒரு நிலைக்கதவு, பக்கத்தில் தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல், திண்ணையில் வெற்றிலை இடிக்கும் ஆச்சி. ஹோட்டல் வரவேற்பறையில் ஆரம்பித்து சென்னை அடுக்குமாடி வீடுவரை இதே படம்தான். வரைகிறவரைச் சொல்லிக் குற்றமில்லை, வாங்குகிறவர்கள் கேட்பது அதைத்தான்.

அதனால்தான் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், இப்போது நடக்கும் ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுதத் தோன்றியது. ஓவியர் நம்ம பக்கத்துக்காரர். விளம்பரம் மாதிரி ஆகிவிடும் என்று பெயரைத் தவிர்க்கிறேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். சின்ன வயது நினைவும் அப்போது பார்த்த மண்ணும் மரமும் தண்ணீரும்தான் மொத்தக் கண்காட்சியும். ஒரு படத்தில்கூட கதவு கிடையாது.

படம் மாட்டுவது இந்த வீடுகளுக்குப் புதிதில்லை. 1894-ல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் எத்தனை முகப்புகளில் இன்னும் தொங்குகிறார்கள்! ஆனால் அந்த லட்சுமி நிற்கும் தாமரைக் குளம் நம்ம ஊர்க் குளம் இல்லை. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று கடல் கடந்ததெல்லாம் வீட்டுக்குள் வந்தது. வாசலுக்கு வெளியே கிடந்த செம்மண் மட்டும் சுவருக்கு வரவில்லை. இவர் அதைக் கொண்டுவந்திருக்கிறார், நிஜமாகவே. செம்மண்ணை வேட்டித் துணியில் சலித்து, பசையில் குழைத்துச் சில படங்களுக்கு நிறமாகப் பூசியிருக்கிறார்.

அப்படி வரைந்த ஒன்று ஊருணிப் படம். ஆள் உயரத்துக்கு இருக்கும். முக்கால்வாசி இடத்தைச் சிவந்த தண்ணீரே அடைத்துக்கொள்கிறது. மேல் ஓரத்தில் படித்துறையின் இரண்டே படிகள். கீழ் மூலையில் ஒரு மண்பானை, அதன் உள்பக்கம் வளையம் வளையமாக வெளுத்த தடம். தேத்தாங்கொட்டையை உரசிய தடம் அது. கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்க அதைப் பானையில் உரசுவார்களே, இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியுமா என்று தெரியவில்லை. நான் நின்றபோது ஒரு பெரிய ஆச்சி ஓவியரைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, படித்துறையில ஒரு ஆளைக் காணோமே?" "மழை பெஞ்ச மறுநாள் ஆச்சி." "அதான பார்த்தேன். தெளியாம யாரு குடம் எடுப்பா?" கலை விமர்சனம் என்று இதற்கு மேல் என்ன எழுதுவது?

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீட்டையும் ஊருணியையும் பிரித்துப் பார்ப்பதே தப்பு. ஓட்டுக் கூரை முற்றத்தை நோக்கிச் சரிவதே மழைத்தண்ணீரை உள்ளே இறக்கத்தான். அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்தது போக மிச்சம் வடிகால் வழியாகத் தெருவைத் தாண்டி ஊருணிக்குப் போகும். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியபோதும் தனித்தனி மாளிகைகளாக இல்லை, வணிகர்களின் ஊர்த் தொகுதிகள் என்றுதான் செட்டிநாடு ஏறியது. நாமோ தூணைத் துடைத்துப் படம் பிடிக்கிறோம், ஊருணியில் குப்பை கொட்டுகிறோம்.

இன்னொரு படம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கண்மாய்கள் அவை. பறவைகள் மிரளக்கூடாது என்று பக்கத்து ஊரான கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இந்தச் செய்தி வருடா வருடம் நாளிதழில் வரும், கூடவே நாரையின் அழகான புகைப்படமும். இவர் பறவையையே வரையவில்லை. எச்சம் விழுந்து விழுந்து சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்த கருவேல மரங்கள்தான் படம் முழுக்க. அருகில் போய் நின்றால் அந்த வாடையே வருகிறது.

எல்லாப் படமும் இப்படி இல்லை. கோலம் போடும் சிறுமி, கன்றுக்குட்டி, மாட்டுவண்டி என்று மூன்று படங்கள் இருக்கின்றன. காலண்டருக்குப் போகலாம். விற்றதற்கு அடையாளமான சிவப்புப் பொட்டு அந்த மூன்றில்தான் ஒட்டியிருக்கிறது என்பது வேறு கதை. சரி, அவரும் பிழைக்க வேண்டுமே.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது சீமைக்கருவேலத்தை வரைந்ததற்காக. பால்யம் என்றதும் ஆலமரம், தாமரை, தும்பி என்று எழுதுவதும் வரைவதும் நம் பழக்கம். நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும், சிவகங்கைச் சீமையில் நாம் ஓடி விளையாடிய பொட்டலில் இருந்தது என்ன மரம்? காலில் தைத்தது எந்த முள்? ஊரைக் கெடுத்த மரம்தான், வெட்ட வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த விறகில்தான், கரிமூட்டம் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் உண்டு. இவர் அந்த மூட்டத்தை, மண் பூசிய மேட்டிலிருந்து புகை கசிவதை, கரியாலேயே வரைந்திருக்கிறார். பிடிக்காத மரத்துக்கும் நினைவில் இடம் உண்டு என்று ஒத்துக்கொள்ளும் நேர்மை நம் ஊர்ப் பெருமைப் பேச்சில் அபூர்வம்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வளவுக்கு முற்றத்து வெளிச்சம்தான், மூன்று மணிக்கு மேல் டியூப்லைட்டைப் போட்டுவிடுகிறார்கள், அதில் கரிமூட்டப் படம் வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.