நாற்பது எண்ணினால் திரும்பி வரும் பறவை

போன சனிக்கிழமை மாலை ஜாஸ் கச்சேரி ஒன்றுக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். கடலை நினைத்து ஐந்து பேர் சேர்ந்து இயற்றிய ஏழு உருப்படிகள். டிக்கெட் தலைக்கு 750 ரூபாய். அரங்கிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். இருபது நிமிடம்கூட ஆகாது. ஆனால் உள்ளே ஒரு ஜன்னல்கூட இல்லை. ஏசியை, பிடித்த மீன் கெடாமல் இருக்க வைப்பதுபோல் வைத்திருந்தார்கள். மனைவி முந்தானையைப் போர்த்திக்கொண்டுதான் முழுக் கச்சேரியையும் கேட்டாள்.

வாசித்தவர்கள் ஐவரும் தேர்ந்த கலைஞர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு மேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு யாராவது என்னிடம் சண்டைக்கு வரக்கூடும். என் புகார் அவர்களுடைய விரல்களின் மேல் இல்லை. மேடையின் இரண்டு பக்கமும் நின்ற ஒலிபெருக்கிகளில் ஆரம்பம் முதல் ஓடிக்கொண்டிருந்த அலைச் சத்தத்தின் மேல்தான்.

பதிவு செய்த அலை. அதன்மேல் கடற்பறவை ஒன்றின் கூவல். இரண்டாவது உருப்படி பாதியில் இருக்கும்போது மனைவி என் பக்கம் சாய்ந்தாள். "என்னங்க, அந்தப் பறவையைக் கவனித்தீர்களா? நாற்பது எண்ணினால் திரும்பி வருகிறது."

அதுவரை நான் கவனித்திருக்கவில்லை. அதன்பிறகு வேறெதையும் கவனிக்க முடியவில்லை. சாக்ஸபோன் ஒரே மூச்சில் படிப்படியாக மேலே ஏறுகிறது. நான் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். கீச்! வந்துவிட்டது. எங்கள் வீட்டு குக்கர்கூட இவ்வளவு ஒழுங்காக விசில் அடிப்பதில்லை. எந்த ஊர்ப் பறவையோ தெரியாது. குளிர்காலத்தில் நம் கரைக்கும் கடற்காகங்கள் வருவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் மெரினாவில் மீன் வறுக்கும் கடைகளைச் சுற்றி ஆட்சி நடத்துவது சாதாரணக் காகம்தான். அதை எந்தக் கலைஞரும் கச்சேரிக்கு அழைப்பதில்லை.

நான் வடசென்னை ராயபுரத்தில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்துக் கடலுக்கு மணல் கிடையாது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். இந்தக் கரையில் கடல் மணலை மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே போகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டியபோது அதன் சுவர் குறுக்கே நின்றுவிட்டது. தெற்கே மணல் தேங்கத் தேங்க மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் எங்கள் கரை அரித்துக்கொண்டு போனது. மெரினாவில் மாலைக் காற்று வாங்குகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் மணலில் எங்கள் பங்கும் இருக்கிறது என்று நான் அடிக்கடி சொல்வேன், நண்பர்கள் சிரிப்பார்கள்.

மணல் போன இடத்தில் கருங்கல் கொட்டினார்கள். அதனால் நான் கேட்டு வளர்ந்த கடல் 'ஷ்ஷ்ஷ்' என்று பரவுகிற கடல் இல்லை. கல்லில் ஒரு மொத்து. பிறகு இடுக்குகளில் தண்ணீர் இறங்கும் களகளப்பு. பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளி எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிறிய அலைகள் மூன்று வந்து, நான்காவது எழும்பிச் சாலைவரை தெறித்துப் பள்ளிக்கூடச் சட்டையை நனைத்த நாளும் உண்டு. பெரிய அலைக்காகக் கால்மணி நேரம் காத்திருந்து ஏமாந்த நாளும் உண்டு. அலைக்கும் அலைக்கும் நடுவே மனது என்ன செய்கிறதோ அதுதான் எனக்குக் கடல். நாற்பது எண்ணினால் திரும்பி வருவது சுவர்க் கடிகாரம்.

ஜாஸில் கடல் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 1965இல் பதிவு செய்த 'மெய்டன் வாயேஜ்'. ஒரு கப்பலின் முதல் பயணம் என்று பொருள். டிரம்பெட்டில் ஃப்ரெடி ஹப்பர்ட், சாக்ஸபோனில் ஜார்ஜ் கோல்மன், பாஸில் ரான் கார்ட்டர், டிரம்ஸில் அப்போது இருபது வயதைக்கூடத் தாண்டாத டோனி வில்லியம்ஸ். அதில் ஒலிநாடாவில் பிடித்த அலை எதுவும் இல்லை. இருப்பது என்னவென்றால், விட்டு விட்டு ஒரே தாளக்கட்டில் வந்து விழும் ஒரு சில சுரக்கூட்டுகள், அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்.

அந்தச் சுரக்கூட்டுகளை நம் பாஷையில் இப்படிச் சொல்லலாம்: ஷட்ஜமும் பஞ்சமமும் இருக்கின்றன, நடுவில் காந்தாரம் எழுந்து போய்விட்டது, அதன் இடத்தில் மத்திமம் உட்கார்ந்திருக்கிறது. காந்தாரம் இருந்தால்தானே அந்தர காந்தாரமா சாதாரண காந்தாரமா, மகிழ்ச்சியா சோகமா என்று காது முடிவு கட்டும்? இங்கே முடிவு கட்ட வழியில்லை. ஒன்று வருகிறது, தீராமலே நிற்கிறது, அது தீருவதற்குள் இன்னொன்று வேறு உயரத்தில் வந்து நிற்கிறது. கரை கண்ணில் படாத தண்ணீரில் மிதக்கிற உணர்வு அங்கிருந்துதான் வருகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. அந்த மெட்டு முதலில் போடப்பட்டது ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்துக்காக. கடல் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதாவது அவர் கடலை வரைய உட்காரவே இல்லை. தீராமல் நிற்கும் ஒன்றைச் செய்தார், கேட்டவர்கள் அதில் கடலைக் கண்டார்கள். மேற்கத்தியச் செவ்வியல் இசையில் கடலைப் பற்றிப் பேசினால் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் 1905ஆம் ஆண்டுப் படைப்பான 'லா மெர்'ரை (கடல்) தவிர்க்க முடியாது. அவரும் அதை ஆரம்பித்தது கடலே இல்லாத பர்கண்டியில் உட்கார்ந்துதான்.

நம் குழுவுக்கு வருகிறேன்.

ஐந்தாவது உருப்படியில் பியானோவும் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் ஒதுங்கிக்கொண்டன. டபுள் பாஸ் கலைஞர் வில்லை எடுத்தார். வில்லில் வாசிக்கும்போது அந்த வாத்தியம் மெல்லப் பேசும்; அதனாலோ என்னவோ ஒலிப் பலகையில் இருந்தவர் அலையையும் பறவையையும் அணைத்துவிட்டார். அரங்கமே மூச்சு விட்டதுபோல் எனக்குத் தோன்றியது.

நான்கு சுரங்கள், அவ்வளவுதான். இழுத்து முடித்து ஒரு இடைவெளி விடுவார். மீண்டும் அதே நான்கு. ஆனால் இடைவெளி ஒவ்வொரு முறையும் வேறு. டிரம்ஸ் கலைஞர் கையில் குச்சிக்குப் பதிலாகக் கம்பளித் தலை வைத்த கோல்கள். சிம்பலைத் தட்டவில்லை, விளிம்பில் மெதுவாக உருட்டி வளர்த்தார். எங்கோ தொலைவில் எழும்பி வருகிற மாதிரி வளர்ந்து, உடைய வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னாலேயே கையை எடுத்துவிடுவார். அவர் பார்வை முழுக்க பாஸ்காரரின் வலது முழங்கையிலேயே இருந்தது. வில் எப்போது திரும்பும் என்பதை முழங்கைதான் முதலில் சொல்லும். ஒரு சுற்றில் அவர் முந்திக்கொண்டார். தவறு என்றுதான் நினைத்தேன். பாஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார், சிரித்தார், அடுத்த சுற்றில் தானும் அந்த இடத்திலேயே முந்தினார். எனக்கு முன்வரிசையில் ஆரம்பத்திலிருந்து தொடையில் தாளம் போட்டு அவதிப்பட்ட பெரியவர் கையை மடியில் வைத்துவிட்டார்.

ராயபுரத்துக் கல்லில் உட்கார்ந்து கேட்ட அதே இடைவெளி. அதைத்தான் 750 ரூபாய் கொடுத்து வாங்கினேன் என்று வைத்துக்கொள்கிறேன்.

சிறுவயதில் விடுமுறைக்குப் பட்டினப்பாக்கத்தில் மாமா வீட்டுக்குப் போவோம். விடியற்காலையில் கரைவலை இழுப்பார்கள். இரண்டு முனைக் கயிற்றையும் இரண்டு கூட்டம் பிடித்துக்கொண்டு, ஒருவர் அம்பாப் பாட்டில் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிக்கொள்ளும்போதுதான் கயிறு நகரும். பாட்டு இனிமைக்காக வந்ததில்லை. இத்தனை கைகளின் இழுப்பும் ஒரே நொடியில் விழுவதற்காக வந்தது. அலை உள்ளே இழுக்கும்போது எடுத்துக்கொடுப்பவர் அடியை நீட்டிப் பிடிப்பார், தளரும்போது சுருக்குவார். அந்த நீட்டலையும் சுருக்கலையும்தான் பாஸ்காரரின் முழங்கையில் பார்த்தேன்.

ஜாஸின் வேரிலும் இதே எடுத்துக்கொடுத்து வாங்கிக்கொள்ளும் வேலைப் பாட்டு இருக்கிறது. ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸ் ஒரு துறைமுக நகரம். அந்த இசையைத் தந்தவர்களின் முன்னோர் அட்லாண்டிக்கைக் கடந்தது பயணிகளாக இல்லை. அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அவர்களில் பல லட்சம் பேர் மறுகரையைப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட இசையை எடுத்துக்கொண்டு, மேடைக்கு நீல விளக்குப் போட்டு, "கடல் நமக்கு அமைதியைக் கற்றுத் தருகிறது" என்று தொகுப்பாளர் மூன்று முறை சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. 2004 டிசம்பர் 26 காலையைப் பார்த்த ஊர் இது. கடல் அமைதியும் தரும், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதை மட்டும் சொல்வது மாடியில் நின்று கடல் பார்க்கிறவரின் பேச்சு.

இன்னொன்று. வெளியே வரும்போது இரண்டு மூன்று பேர் "நல்ல ஃப்யூஷன்" என்று பேசிக்கொண்டு போனார்கள். ஃப்யூஷன் எங்கே இருந்தது? மிருதங்கம் இல்லை, கடம் இல்லை. ஆறாவது உருப்படியில் டிரம்ஸும் டிரம்பெட்டும் நான்கு நான்கு சுற்றாக மாறி மாறி வாசித்தன. நம் தனி ஆவர்த்தனத்தில், தாள வாத்தியங்கள் மாறி மாறி அளவைக் குறைத்துக்கொண்டே வாசிக்கும் குறைப்பைக் கேட்ட காதுக்கு அது நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் அது முழுக்க ஜாஸின் சொந்த வழக்கம். சென்னையில் புரியாததற்கெல்லாம் ஃப்யூஷன் என்று பெயர் வைப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு 1958லேயே மெட்ராஸுக்கு வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறது. இந்த ஊருக்கு ஜாஸ் நேற்று வந்ததில்லை.

ஏழாவது உருப்படிக்கு அலையைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். பறவையும் வந்தது. மனைவி என் கையைக் கிள்ளினாள். இரண்டு பேரும் சேர்ந்தே எண்ணினோம்.

அடுத்த மாதம் மறுபடியும் வாசிக்கிறார்களாம். கட்டாயம் போவேன். பாஸ்காரரின் முழங்கை தெரிகிற மாதிரி இடது ஓரத்தில் இரண்டு இருக்கை கிடைத்தால் நல்லது. அந்தப் பறவையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.